ஆகாயத்திலிருந்து திரும்பும் பெட்டி

மேலே ஏறுவதைப் பற்றி உலகம் ஓயாமல் பேசுகிறது. எவ்வளவு உயரம் போயிற்று, எத்தனை வேகத்தில் போயிற்று என்று பத்திரிகைகள் தலைப்பிட்டு எழுதுகின்றன. போனது பத்திரமாகத் திரும்பி வந்ததா என்ற கேள்விக்கு அவ்வளவு மதிப்பு இருப்பதில்லை. ஆனால் மரம் ஏறுகிறவனுக்கு இறங்கத் தெரியாவிட்டால், அவன் பறித்த காயால் வீட்டுக்கு என்ன பயன்? விஞ்ஞானத்தின் ஒரு துறையில் இந்தக் கேள்வி மிகவும் கூர்மையாக எழுகிறது. அதுதான் மிக உயரே செல்லும் பலூன்களின் துறை. அந்தப் பலூன்கள் சுமந்து செல்லும் கருவிப் பெட்டியைத் தரைக்குக் கொண்டுவந்து சேர்க்கும் பாராசூட்டைப் பற்றியே இன்று சொல்ல விரும்புகிறேன்.

நம் நாட்டில் இத்தகைய பலூன்களைப் பறக்கவிடும் தளம் ஹைதராபாதில் இருக்கிறது. டாடா அடிப்படை ஆராய்ச்சி நிலையம் அதை நடத்திவருகிறது. விண்வெளியிலிருந்து வரும் காஸ்மிக் கதிர்களை ஆராயவேண்டும் என்று டாக்டர் ஹோமி பாபா கொண்ட ஆர்வமே இம்முயற்சிக்கு வித்து. இங்கிருந்து மேலே செல்லும் பலூன் திருவிழாவில் குழந்தைகள் வாங்கும் பலூனைப் போன்றதன்று. மெல்லிய பாலிதீன் படலத்தால் செய்யப்பட்டு, ஹைட்ரஜன் வாயு நிரப்பப்பட்டு, உச்சியை அடையும்போது பல லட்சம் கன மீட்டர் அளவுக்கு உப்பி நிற்கும். முப்பது, நாற்பது கிலோமீட்டர் உயரத்தில் அது மிதக்கும். காற்று மண்டலத்தின் நூற்றில் தொண்ணூற்றொன்பது பங்கு அதற்குக் கீழே கிடக்கும். நட்சத்திரங்களை ஆராயும் தொலைநோக்கிக்கும், கதிர்களை அளக்கும் கருவிக்கும் ஏறத்தாழ விண்வெளியையே ஒத்த இடம் அது.

சரி, கருவி அளந்ததை வானொலி அலைகளின் மூலம் கீழே அனுப்பிவிடலாமே, பெட்டி திரும்பித்தான் ஆகவேண்டுமா என்று நேயர்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். அளவுகளை அனுப்பலாம், பொருளை அனுப்ப முடியாது. 2005-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் ஹைதராபாதிலிருந்து ஒரு பலூன் புறப்பட்டது. 459 கிலோகிராம் எடையுள்ள கருவித் தொகுதியை அது சுமந்து சென்றது. அதனுள் கிருமிநீக்கம் செய்யப்பட்டு, காற்று முழுவதும் அகற்றப்பட்ட எஃகுக் குழாய்கள் இருந்தன. திரவ நியான் அவற்றைக் குளிர்வித்தது. 20 கிலோமீட்டர் முதல் 41 கிலோமீட்டர் வரையுள்ள பல மட்டங்களில் அக்குழாய்கள் வாய் திறந்து காற்றை உள்ளே வாங்கி மூடிக்கொண்டன. பிறகு பாராசூட்டின் உதவியால் தரையிறங்கிய அந்தத் தொகுதி, ஆய்வுக்கூடங்களுக்குக் கொண்டுசெல்லப்பட்டது. அந்தக் காற்றில் வாழ்ந்த பாக்டீரியாக்களை வளர்த்துப் பார்த்தபோது, பூமியில் அதுவரை அறியப்படாத மூன்று புதிய இனங்கள் கிடைத்தன என்று 2009-இல் அறிவித்தார்கள். அவற்றுள் ஒன்றுக்கு ஆரியபட்டரின் பெயரைச் சூட்டினார்கள். அவை வேறு உலகத்திலிருந்து வந்தவை என்று அறிஞர்கள் முடிவுகட்டவில்லை. ஆனால் குழாய் உடைந்திருந்தாலோ, தரையின் மண் உள்ளே புகுந்திருந்தாலோ, அந்தக் கேள்வியை எழுப்பவே வழி இருந்திராது. நாற்பது கிலோமீட்டர் உயரத்துக் காற்றைக் கொண்டுவர, அன்று பாராசூட் ஒன்றே பாலமாக இருந்தது.

இன்னொரு காரணமும் உண்டு. மேலே போன பெட்டியின் கீழே ஊர்கள் இருக்கின்றன; வயல்களும் ஆடு மாடுகளும் இருக்கின்றன. அரை டன் இரும்பை அவர்கள் தலைக்குமேல் அனுப்புகிற எவரும், அதை மெதுவாக இறக்கித் தருவதாக அவர்களுக்கு வாக்குக் கொடுத்தவரே ஆவார்.

பாராசூட்டுக்கும் பலூனுக்கும் உள்ள உறவு புதியதன்று. 1797-ஆம் ஆண்டு பாரிஸ் நகரத்தில் கார்னெரின் என்பவர் பலூனில் ஏறிச் சென்று, கயிற்றை அறுத்துக்கொண்டு, துணிக் குடையின்கீழ் தொங்கியவண்ணம் தரைக்கு வந்தார். குடையின் உச்சியில் துவாரம் இல்லாததால், சிறைப்பட்ட காற்று விளிம்பு வழியே பீறிட்டுக் குடையை ஊஞ்சல்போல் ஆட்டிவிட்டது. பின்னால் வந்தவர்கள் உச்சியில் ஒரு துவாரம் வைத்தார்கள், ஆட்டம் அடங்கியது. காற்றைப் பிடித்து வைப்பதற்கு அதில் சிறிது வெளியே போகவும் வழிவிட வேண்டும் என்பது பாராசூட் கற்றுத்தந்த முதல் பாடம்.

ஆனால் கார்னெரினுடைய குடை அடர்ந்த காற்றில் விரிந்தது. முப்பது கிலோமீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி தரைமட்டத்தில் உள்ளதில் நூற்றில் இரண்டு பங்குகூட இல்லை. பற்றிக்கொள்ளக் காற்று இல்லாத இடத்தில் குடை என்ன செய்யும்? தரையை நொடிக்கு ஆறு மீட்டர் வேகத்தில் தொடவேண்டிய பெட்டி, முப்பது கிலோமீட்டர் உயரத்தில் அதே குடையின்கீழ் எட்டு மடங்கு வேகத்தில், அதாவது மணிக்கு 170 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட வேகத்தில் விழுந்துகொண்டிருக்கும். கீழே வர வரக் காற்று தடித்து, வேகம் தானாகவே தணியும். தரையைத் தொடும்போது ஆள் உயரச் சுவரிலிருந்து குதித்த அளவு அதிர்ச்சியே மிஞ்சும். அந்த அதிர்ச்சியையும் வாங்கிக்கொள்ளப் பெட்டியின் அடியில் தேன்கூடு போன்ற அட்டை மெத்தைகளை வைத்துக் கட்டுவது உண்டு. மெத்தை நசுங்கும், கருவி பிழைக்கும்.

மெல்லிய காற்றில் மற்றோர் அபாயமும் காத்திருக்கிறது. அங்கே விழும் பொருள் கட்டுப்பாடின்றிச் சுழலத் தொடங்கும். 1959-ஆம் ஆண்டு நவம்பரில் அமெரிக்க விமானப்படையைச் சேர்ந்த ஜோசப் கிட்டிங்கர், ஏறத்தாழ 23 கிலோமீட்டர் உயரத்தில் பலூனிலிருந்து குதித்தார். அவருடைய நிலையைச் சீர்ப்படுத்துவதற்காக வைத்திருந்த சிறு பாராசூட் உரிய காலத்துக்கு முன்பே வெளிப்பட்டு, அதன் கயிறு அவர் கழுத்தைச் சுற்றிக்கொண்டது. அவர் பம்பரமாகச் சுழன்று நினைவிழந்தார். தானாகவே விரியும்படி அமைத்திருந்த பாராசூட்தான் அவர் உயிரைக் காத்தது. அடுத்த ஆண்டு ஆகஸ்டு மாதம் அவர் 31 கிலோமீட்டர் உயரத்திலிருந்து மறுபடியும் குதித்து வெற்றியோடு தரையிறங்கினார்.

கருவிப் பெட்டிக்கு இந்தச் சிக்கல் நேராமலிருக்கப் பொறியியலார் ஒரு எளிய உபாயம் செய்திருக்கிறார்கள். பாராசூட்டை மடித்துப் பைக்குள் திணிப்பதில்லை. பலூனுக்கும் பெட்டிக்கும் நடுவே, கயிற்றின் ஒரு பகுதியாகவே, அதை நீள நெடுகத் தொங்கவிட்டு விடுகிறார்கள். மூடிய குடையைக் கைப்பிடி கீழாகத் தொங்கவிட்டதுபோல் அது இருக்கும். ஆராய்ச்சி முடிந்ததும் தரையிலிருந்து வானொலிக் கட்டளை செல்லும். பாராசூட்டின் உச்சிக்கு மேலே உள்ள ஒரு சிறு வெட்டுக் கருவி பலூனோடு இருந்த பிணைப்பை அறுக்கும். பெட்டி விழத் தொடங்கும். அதன் எடையே குடையை விறைப்பாக இழுக்கும். காற்று கிடைத்த இடத்தில் குடை விரியும். அதே சமயத்தில் பலூனின் படலமும் கிழிக்கப்பட்டுத் தனியே விழும். கட்டளை போய்ச் சேராவிட்டால் என்ன செய்வது என்று கருதி, குறித்த நேரத்தில் தானே அறுத்துவிடும் கடிகாரப் பொறியையும் துணைக்கு வைப்பார்கள். குடை விரியும் கணத்தில் ஏற்படும் வெட்டியிழுப்புக் கடுமையானது. பெட்டியின் சட்டம் தன் எடையைப்போல் பத்து மடங்கு இழுப்பைத் தாங்கவேண்டும் என்று அமெரிக்காவின் நாசா நிறுவனம் விதி வைத்திருப்பதிலிருந்து அதன் கடுமையை ஊகிக்கலாம்.

தரையைத் தொட்டதும் பாராசூட்டின் வேலை முடிந்துவிட்டதா? இல்லை. இனிமேல்தான் அது பகையாக மாறக்கூடும். தரையில் காற்று பலமாக வீசினால், விரிந்த குடை கப்பலின் பாய்போல் உப்பிப் பெட்டியை இழுத்துக்கொண்டு ஓடும். ஆகையால் பெட்டி தரையைத் தொட்டவுடன் குடை கழன்றுவிட வேண்டும். பிடிக்கவேண்டிய வரையில் பிடித்து, விடவேண்டிய கணத்தில் விடுதல் என்னும் இந்த இரட்டைக் கடமை எவ்வளவு அருமையானது என்பதை இரண்டு நிகழ்ச்சிகள் காட்டுகின்றன.

முதல் நிகழ்ச்சி அண்டார்க்டிகாவில் நடந்தது. 2006-ஆம் ஆண்டு டிசம்பரில் ‘பிளாஸ்ட்’ என்ற தொலைநோக்கியைப் பலூன் ஒன்று பனிக்கண்டத்தின் மேலே தூக்கிச் சென்றது. பத்து நாட்களுக்கு மேல் அது நட்சத்திர மண்டலங்களை நோக்கியது. இறங்கியதும் பாராசூட் கழலவில்லை. பனிவெளியில் வீசிய காற்று அந்தப் பெருங்கருவியைச் சுமார் 200 கிலோமீட்டர் தூரம் இழுத்துச் சென்று சிதைத்தது. திரட்டிய விவரங்கள் அனைத்தும் அதிலிருந்த ஒரு கலத்துக்குள் பதிவாகியிருந்தன. தேடிச் சென்றவர்கள் அந்தக் கலத்தைக் கண்டெடுத்தார்கள். தொலைநோக்கி அழிந்தது, அது கண்ட காட்சி பிழைத்தது. தொலைதூரத்து நட்சத்திர மண்டலங்களின் வெப்ப ஒளியைப் பற்றி 2009-இல் வெளியான முக்கியமான முடிவுகள் அந்தக் கலத்திலிருந்து கிடைத்தவையே.

இரண்டாவது நிகழ்ச்சி இதற்கு நேர்மாறானது. 2017-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் டெக்சாஸ் மாநிலத்திலிருந்து ‘பெட்டி’ என்ற பெயருடைய நாசாவின் வானியல் கருவி முதல்முறையாகப் பறந்தது. நம் மொழிப் பெட்டியன்று. ஆங்கில எழுத்துக்களின் சுருக்கமாக வந்த பெயர். பறக்கும் பகுதி குறைவின்றி நடந்தது. இறங்கும்போது பாராசூட் உரிய நேரத்துக்கு முன்னரே கழன்றுவிட்டது. ஏறத்தாழ நாற்பது கிலோமீட்டர் உயரத்திலிருந்து தடையின்றி விழுந்த கருவி முற்றிலும் நொறுங்கிப்போயிற்று. பல ஆண்டு உழைப்பு சில நிமிஷங்களில் மண்ணாயிற்று. ஓரிடத்தில் விடவேண்டியது விடவில்லை. மற்றோரிடத்தில் பிடிக்கவேண்டியது பிடிக்கவில்லை. கழலும் பூட்டை மிகவும் இறுக்கமாகவும் வைக்கலாகாது, மிகவும் தளர்வாகவும் வைக்கலாகாது. இந்த நடுவழியைக் காண்பதிலேதான் பொறியியலாரின் அறிவு முழுவதும் சோதிக்கப்படுகிறது.

இத்தனையும் சரிவர நடந்து, ஒரு பெட்டி பத்திரமாகத் தரையிறங்கிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். எங்கே இறங்கியது? பலூனுக்குச் சுக்கான் இல்லை, பாராசூட்டுக்கும் இல்லை. முக்கால் மணி நேரம் வரையில் நீடிக்கக்கூடிய இறக்கத்தில், ஒவ்வொரு மட்டத்துக் காற்றும் அதை ஒவ்வொரு திசையில் தள்ளும். எந்த மட்டத்தில் எத்தனை நிமிஷம் இருக்கும், அங்கே காற்று எப்படி வீசும் என்று கணக்கிட்டு, ஊர்களையும் ஏரிகளையும் தவிர்த்து, அறுக்கும் நேரத்தைத் தீர்மானிக்கிறார்கள். செயற்கைக் கோள்களின் உதவியால் இருப்பிடம் அறியும் வசதி இன்று இருக்கிறது. இருந்தாலும் தேடிச்செல்லும் வண்டி போய்ச் சேரும் முன்பே, அந்த வயலுக்கு உரிய விவசாயி அங்கே நிற்பார்.

இங்கேதான் பாராசூட்டின் நூல் அறுந்து, மனிதரின் நூல் தொடங்குகிறது. ஹைதராபாதிலிருந்து பறக்கும் பலூன்கள் தெலங்கானா, ஆந்திரம், கர்நாடகம், மகாராஷ்டிரம் ஆகிய மாநிலங்களின் கிராமங்களில் இறங்குவது உண்டு. பறக்கவிடும் பருவத்துக்கு முன்பாகப் பத்திரிகைகளில் வேண்டுகோள் வெளியாகிறது. வண்ணப் பாராசூட்டோடும் நீண்ட கயிற்றோடும் கருவிகளைக் கண்டால் கலைக்க வேண்டாம், பெட்டியின்மேல் உள்ள முகவரிக்கோ அருகிலுள்ள காவல் நிலையத்துக்கோ தெரிவியுங்கள், சன்மானம் உண்டு, செலவும் தரப்படும், ஆனால் கருவியைக் கலைத்திருந்தால் சன்மானம் இல்லை என்பது அதன் சாரம். முன்பு தந்தி அடித்தார்கள். 2013-இல் தந்திச் சேவை நின்றபின் கைப்பேசி அந்த வேலையைச் செய்கிறது.

மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட எனக்கு, இந்தச் சிறிய வேண்டுகோள் ஒரு பெரிய பரீட்சையாகத் தோன்றுகிறது. ‘தொடாதீர்கள்’ என்று மட்டும் சொன்னால், படிப்பவர் அதை வெடிகுண்டு என்று எண்ணி அஞ்சி ஓடலாம். கல்லால் அடிக்கவும் கூடும். ‘இதனால் தீங்கில்லை’ என்று மட்டும் சொன்னால், திறந்து பார்த்தால்தான் என்ன என்று தோன்றும். அஞ்சவும் கூடாது, அலட்சியமும் கூடாது என்ற இரண்டையும் இரண்டே வரிகளில், அவருடைய தாய்மொழியில், அவரை மதிக்கும் குரலில் சொல்லவேண்டும். ‘இது கலைந்தால் இதிலுள்ள செய்தி அழிந்துபோகும்’ என்று காரணத்தைச் சொல்லிவிட்டால் போதும். காரணம் தெரிந்த மனிதர் காவலராகிவிடுவார். பாராசூட்டின் துணிக்கும் கயிற்றுக்கும் எவ்வளவு கவனம் செலுத்துகிறார்களோ, அவ்வளவு கவனத்தை அந்த இரண்டு வரிகளுக்கும் செலுத்துவது தகும்.

2022-ஆம் ஆண்டு டிசம்பரில் தெலங்கானாவின் விகாராபாத் மாவட்டத்தில் ஒரு வயலிலே பெரிய கூண்டு ஒன்று வந்து இறங்கியபோது, சுற்றுப்புறத்து மக்கள் வியப்போடு திரண்டு வந்து பார்த்தார்கள். அது ஹைதராபாதிலிருந்து பலூனில் சென்ற சோதனைக் கூண்டு என்பது பின்னர் தெரிந்தது. அத்தகைய வேளையில், ஆராய்ச்சிக்கூடத்துக்கும் கிராமத்துக்கும் நடுவே கூண்டின்மேல் உள்ள எழுத்தைத் தவிர வேறு தூதுவர் இல்லை.

விஞ்ஞானம் அறிஞர்களின் தனிச்சொத்து என்று எண்ணுகிறவர்கள் இந்தப் பெட்டியின் பயணத்தை எண்ணிப்பார்க்க வேண்டும். அதை மேலே அனுப்பியவர்கள் கற்றோர். காற்றில் தாங்கியது துணியும் கயிறும். இறுதியில் அதைக் காத்துக் கொடுத்தவர், அதற்குள் என்ன இருக்கிறது என்றே அறியாத, ஆனால் பிறர் பொருளைப் பிறர் பொருளாகவே மதிக்கத் தெரிந்த ஒருவர். அவருடைய கையும் சேர்ந்தால்தான் ஆகாயத்திலிருந்து புறப்பட்ட பெட்டி தன் வீடு வந்து சேரும்.