கிதாபும் ஓர் அமானிதம்தான்

(நமது அறக்கட்டளையின் வாசகசாலைக் கூட்டத்தில் செயலாளர் ஆற்றிய உரை)



நம் வாசகசாலையில் உள்ள பழைய நூல்களை ஸ்கேன் செய்து பாதுகாக்க நம் இளைஞர்கள் முன்வந்திருக்கிறார்கள். அல்ஹம்துலில்லாஹ், நல்ல காரியம். 2015 டிசம்பர் வெள்ளத்தை ஊரப்பாக்கத்தில் யாரும் மறந்திருக்க மாட்டோம். தரைத்தளத்து அலமாரிகளில் இருந்த கிதாபுகள் ஊறிப்போயின. வெயிலில் காயப்போட்டும் தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு பிரியவே இல்லை. கீழக்கரை, காயல்பட்டினம், ஆம்பூர், வாணியம்பாடி என்று பல ஊர்களிலிருந்து வந்து இங்கே குடியேறியவர்கள் நாம். பாட்டனார் ஓதிய அரபுத்தமிழ் ஏடு ஒன்று ஒரு வீட்டில்தான் இருக்கும். அது போனால் போனதுதான்.

எனவே ஸ்கேன் செய்யலாமா என்பதல்ல இன்றைய கேள்வி. எதைச் செய்யலாம், செய்ததை யாருக்குக் கொடுக்கலாம், யாரைக் கேட்க வேண்டும் என்பதே கேள்வி.

முதலில் நாங்கள் செய்த ஒரு பிழையைச் சொல்லிவிடுகிறோம். சில ஆண்டுகளுக்கு முன் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் எழுதிய சிறு நூல் நமக்கு வந்தது. பயனுள்ள நூல். நாலு பேர் படிக்கட்டும் என்று பிடிஎஃப் ஆக்கி வாட்ஸ்அப் குழுக்களில் போட்டோம். ஒரே வாரத்தில் எங்கெங்கோ போய்விட்டது. பிறகுதான் தெரிந்தது, அவர் கைக்காசு போட்டு, கொஞ்சம் கடனும் வாங்கி அந்த நூலை அச்சடித்திருக்கிறார். கட்டுக்கட்டாகப் பிரதிகள் அவர் வீட்டிலேயே தேங்கிவிட்டன. எங்களைத் தேடி வந்தார். கோபப்படவில்லை. “கேட்டிருந்தா நானே கொடுத்திருப்பேனே பாய்” என்றார். அந்த ஒரு சொல் போதுமாக இருந்தது. மீதிப் பிரதிகளை விலை கொடுத்து வாங்கினோம், மன்னிப்பும் கேட்டோம். ஆனால் பரவிய பிடிஎஃப்பைத் திரும்ப வாங்க முடியவில்லை. நிய்யத் நல்லதாக இருந்தது. கேட்காமல் செய்ததுதான் தவறு.

சட்டம் என்ன சொல்கிறது? 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி, ஒரு நூலின் உரிமை ஆசிரியரின் ஆயுள் முழுவதும், அவர் இறந்த பின் 60 ஆண்டுகளும் நீடிக்கும். இறந்த ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து அந்த 60 கணக்காகும். கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் அவர்கள் 1898இல் வஃபாத் ஆனார்கள். அவர்களுடைய அரபுத்தமிழ் நூல்களின் பழைய அச்சுகளுக்கு இன்று தடை ஏதும் இல்லை. ‘தாருல் இஸ்லாம்’ பத்திரிகை நடத்திய பா. தாவூத்ஷா அவர்கள் 1969இல் காலமானார்கள். அவர்களுடைய எழுத்துகளுக்கு இந்தக் கணக்குப்படி 2029 முடியும் வரை காலம் இருக்கிறது. நூல் பழுப்பேறிவிட்டது என்பதால் உரிமை தீர்ந்துவிடாது. ஒரு பத்திரிகையை ஸ்கேன் செய்தால், அதில் எழுதிய ஒவ்வொருவருக்கும் தனித்தனியே உரிமை இருக்கலாம் என்பதையும் மறக்கக் கூடாது.

இன்னொரு குழப்பமும் உண்டு. குர்ஆனுக்கு யார் உரிமை கொண்டாட முடியும் என்று கேட்கிறார்கள். சரிதான். ஆனால் அதன் தமிழாக்கத்துக்கு ஒருவர் பல ஆண்டுகள் உழைத்திருக்கிறார். பழைய காப்பியத்துக்கு எழுதப்பட்ட புதிய உரையும் அப்படியே. மூலம் பொது, மொழிபெயர்ப்பும் உரையும் எழுதியவருடையவை.

நூலகங்களுக்குச் சட்டம் வழியும் விட்டிருக்கிறது. 2012 திருத்தத்தின்படி, இலாப நோக்கமில்லாத பொது நூலகம் தன்னிடம் அச்சுப் பிரதி உள்ள நூலைப் பாதுகாப்புக்காக மின்வடிவில் சேமித்து வைக்கலாம். இந்தியாவில் விலைக்குக் கிடைக்காத நூலைப் பொது நூலகத்தின் பயன்பாட்டுக்காக மூன்று பிரதிகள் வரை எடுக்கலாம். பார்வையற்றோர் படிக்கக்கூடிய வடிவில் மாற்றிக் கொடுக்கவும் இடமுண்டு. அதற்கான மராகேஷ் உடன்படிக்கையை 2014இல் உலகிலேயே முதலில் ஏற்று உறுதிசெய்த நாடு நம் இந்தியாதான். கவனியுங்கள், சேமிப்பது வேறு, ஊருக்கெல்லாம் அனுப்புவது வேறு. அமெரிக்காவின் இன்டர்நெட் ஆர்கைவ் நிறுவனம் நல்ல நோக்கத்தோடுதான் நூல்களை ஸ்கேன் செய்து இணையத்தில் இரவல் கொடுத்தது. பதிப்பாளர்கள் வழக்குப் போட்டார்கள். 2023இல் தீர்ப்பு அந்நிறுவனத்துக்கு எதிராக வந்தது, 2024இல் மேல்முறையீட்டிலும் அதுவே நிலைத்தது.

மார்க்கத்தின் பார்வையும் இதற்கு மாறானதல்ல. 1988 டிசம்பரில் குவைத்தில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி, நூலாசிரியரின் உரிமை ஷரீஅத் பாதுகாக்கும் உரிமை, அதில் அத்துமீறக் கூடாது என்று தீர்மானித்தது. மதரஸாவில் ஓதியவர்களுக்கு இது புதிதுமல்ல. ஒரு கிதாபைப் பிறருக்கு ஓதிக்கொடுக்க உஸ்தாதிடம் இஜாஸத் வாங்குவது நம் முன்னோர் வழக்கம். யாரிடமிருந்து யார் வழியாக வந்தது என்ற ஸனது இல்லாத செய்தியை ஏற்கத் தயங்கிய சமுதாயம் நம்முடையது. இன்றோ முகப்புத் தாளைக் கிழித்து, ஆசிரியர் பெயரை நீக்கி, தன் குழுவின் முத்திரையைப் பதித்து அனுப்புகிறார்கள். அது ஸனதை அறுப்பதாகும்.

உரிமைக் காலம் தீர்ந்தாலும் தீராத பொறுப்பு ஒன்று இருக்கிறது. நம்மிடம் வரும் காகிதங்களில் நூல்கள் மட்டுமா உள்ளன? நிக்காஹ் பதிவேடு, தலாக் விவகாரத்தில் எழுதிய கடிதம், ஜகாத் வாங்கியவர் பட்டியல், கடன் கேட்டு எழுதிய சீட்டு எல்லாம் இருக்கின்றன. அன்றைக்கு ஜகாத் வாங்கிய குடும்பத்தின் பேரப்பிள்ளை இன்று நம் பள்ளியில் தொழுது கொண்டிருப்பார். பட்டியலை இணையத்தில் போட்டால் யாருடைய மானம் போகும்? வலக்கை கொடுப்பது இடக்கைக்குத் தெரியக் கூடாது என்று படித்துவிட்டு, உலகத்துக்கே தெரியப்படுத்தலாமா?

முறையாகச் செய்ய முடியுமா என்றால், முடியும். 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது சுமார் 97,000 நூல்களும் சுவடிகளும் சாம்பலாயின. வேறெங்கும் பிரதி இல்லாதவையும் அவற்றில் இருந்தன. அந்த இழப்பை நெஞ்சில் சுமந்த ஈழத் தமிழர்கள் 2005இல் ‘நூலகம்’ என்ற மின்னூலகத்தைத் தொடங்கினார்கள். எழுத்தாளர்களிடம் அனுமதி கேட்டுக் கேட்டே அதை வளர்த்தார்கள். இலங்கை முஸ்லிம்களின் ஆவணங்களும் அங்கே சேர்கின்றன. நம் தமிழக அரசும் எழுத்தாளர் பலரின் நூல்களை, குடும்பத்தாருக்குப் பரிவுத்தொகை கொடுத்து நாட்டுடைமை ஆக்கியிருக்கிறது. யார் வேண்டுமானாலும் அவற்றை அச்சிடலாம், மின்னூலாக்கலாம். எழுதியவர் வீட்டுக்கு ஏதாவது போய்ச் சேர்ந்த பிறகே நூல் பொதுச் சொத்தாகிறது என்ற நியாயம் அதில் இருக்கிறது.

ஆகவே அறக்கட்டளை இப்படி முடிவு செய்திருக்கிறது. உரிமைக் காலம் தீர்ந்த நூல்களும் நாட்டுடைமை நூல்களும் எல்லோருக்கும் கிடைக்கும். உரிமை உள்ள நூல்களைப் பாதுகாப்புக்காக மட்டும் ஸ்கேன் செய்து வைப்போம். ஆசிரியரோ வாரிசுகளோ எழுத்தில் அனுமதி தந்தால்தான் வெளியே கொடுப்போம். கடன் கொடுக்கல் வாங்கலையே எழுதி வைக்கச் சொன்ன மார்க்கம் அல்லவா நம்முடையது? குடும்பக் காகிதங்கள் அந்தக் குடும்பத்தாரின் சம்மதம் இல்லாமல் யார் கண்ணுக்கும் போகாது. ஆசிரியர் பெயரும் முகப்பும் ஒருபோதும் நீக்கப்படாது. யாராவது ஆட்சேபம் சொன்னால் முதலில் எடுத்துவிடுவோம், பிறகு பேசுவோம்.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். பரணில், பழைய டிரங்குப் பெட்டியில் கிடக்கும் கிதாபுகளையும் மலர்களையும் கொண்டு வாருங்கள். ரசீது எழுதிக் கொடுத்து வாங்குவோம். ஸ்கேன் செய்து, மூலத்தையும் ஒரு மின்பிரதியையும் உங்கள் கையிலேயே திருப்பித் தருவோம். வாட்ஸ்அப்பில் ஒரு நூல் வந்தால், மற்றவருக்கு அனுப்பும் முன் இதை எழுதியவர் சம்மதித்தாரா என்று ஒரு நொடி யோசியுங்கள். விலைக்குக் கிடைக்கும் நூலென்றால் ஒரு பிரதி வாங்குங்கள். எழுதுகிறவர் வீட்டிலும் அடுப்பு எரிய வேண்டும்.

நம் கைக்கு வந்த அமானிதத்தை உரியவரிடம் குறையாமல் சேர்க்க அல்லாஹ் நமக்கு தவ்ஃபீக் செய்வானாக. ஆமீன். வஸ்ஸலாம்.