தூசி புகாத அறை



பினாங்கு பாயான் லெப்பாஸ் சுதந்திர வாணிப வட்டாரத்தில் 1972ஆம் ஆண்டு முதல் மின்னணுத் தொழிற்சாலைகள் வேரூன்றின. நம் வீட்டுப் பிள்ளைகள் பலர் அங்கு வேலைக்குச் சென்றனர். தலை முதல் கால் வரை மூடிய வெள்ளை அங்கியும் முகமூடியும் அணிந்து அவர்கள் நிற்கும் படத்தைப் பார்த்திருப்பீர்கள். அந்த உடை தொழிலாளியைக் காப்பதற்கு என்று பலர் நினைக்கிறார்கள். உண்மை நேர்மாறானது. தொழிலாளியிடமிருந்து பொருளைக் காப்பதற்கே அந்த உடை!

நம் தோலும் முடியும் துணியும் ஓயாமல் நுண்துகள்களை உதிர்க்கின்றன. தலைமுடி ஒன்றின் தடிப்பு ஏறத்தாழ 70 மைக்ரோன். அரை மைக்ரோன் துகள் ஒன்று சில்லின் மீது விழுந்தால் போதும், அது பழுதாகிவிடும். ஊசி மருந்தில் கிருமி விழுந்தாலோ, உயிருக்கே ஆபத்து.

இதற்குத்தான் தூய்மை அறை. 1960களின் தொடக்கத்தில், அமெரிக்காவின் சாண்டியா ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த வில்லிஸ் விட்ஃபீல்ட் என்ற இயற்பியலாளர் ஒரு வழி கண்டார். வடிகட்டிய காற்றை ஒரே சீராக ஓடவிட்டு, தரையில் உள்ள கம்பி வலை வழியே வெளியேற்றினார். தூசி தங்க இடமில்லாமல் காற்றோடு போயிற்று. இதற்கு உதவும் ஹெபா வடிகட்டி, 0.3 மைக்ரோன் அளவுள்ள துகள்களில் 99.97 விழுக்காட்டைப் பிடித்துக்கொள்ளும். சாதாரண அறையின் ஒரு கன மீட்டர் காற்றில் அரை மைக்ரோனும் அதற்கு மேலும் உள்ள துகள்கள் கோடிக்கணக்கில் இருக்கக்கூடும். அனைத்துலகத் தரத்தின் ஐந்தாம் வகுப்பு அறையில் அவை 3,520க்கு மேல் இருத்தல் ஆகாது.

முன்பு இத்தகைய அறையைச் செங்கல், சிமெண்டு கொண்டு கட்டினார்கள். வேலை முடியப் பல மாதங்கள் பிடிக்கும். ஆலை இடம் மாறினால் அறையை விட்டுச்செல்ல வேண்டியதுதான். இன்று பகுதி பகுதியாகச் செய்து பொருத்தும் அறைகள் வந்துள்ளன. இரண்டு உலோகத் தகடுகளுக்கு இடையே நிரப்பி வைத்துச் செய்த பலகைகளே சுவர்கள். அவற்றை வரிசையாகக் கோத்து, இடுக்குகளை அடைக்கிறார்கள். தூசி சேராதபடி மூலைகளை வளைவாக்குகிறார்கள். கூரையில் விசிறியும் வடிகட்டியும் சேர்ந்த பெட்டிகளைப் பதிக்கிறார்கள். உள்ளே காற்றழுத்தம் சற்றுக் கூடுதலாக இருப்பதால், கதவைத் திறந்தால் உட்காற்று வெளியே பாயும். வெளிக்காற்று உள்ளே நுழையாது. தேவை வளர்ந்தால் அறையை நீட்டலாம். கழற்றி வேறிடம் கொண்டுபோகலாம். சிறு தொழில் செய்வோருக்கு உலோகச் சட்டத்தைச் சுற்றி நெகிழித் திரை கட்டிய எளிய அறையும் உண்டு.

நேயர்களே, அறை அமைத்துவிட்டால் போதுமா? 2012ஆம் ஆண்டு அமெரிக்காவில் நடந்ததைக் கேளுங்கள். மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஒரு மருந்து நிறுவனம் தயாரித்த ஊசி மருந்தில் பூஞ்சணம் கலந்துவிட்டது. முதுகுவலிக்கு ஊசி போட்டுக்கொண்டவர்கள் பலருக்கு மூளைச் சவ்வு அழற்சி கண்டது. எழுநூற்றுக்கும் மேற்பட்டோர் நோயுற்றனர். அறுபதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். அங்கே தூய்மை அறை இல்லாமல் இல்லை. ஆனால் அதன் குளிர்சாதனத்தை இரவில் நிறுத்தி வைத்திருந்தனர். அறையில் கிருமிகளும் பூஞ்சணமும் இருப்பதை நிறுவனத்தின் சொந்தச் சோதனைகளே பலமுறை காட்டியிருந்தன. அதற்குத் தக்க நடவடிக்கை எடுத்ததாகச் சான்றில்லை என்று அரசாங்க ஆய்வாளர்கள் பதிவு செய்தனர்.

வாங்கிப் பொருத்திய நாளில் அறை தூய்மையாகத்தான் இருக்கும். அந்தத் தூய்மை நிலைக்க வேண்டுமானால் துகள்களை எண்ணிக்கொண்டே இருக்க வேண்டும். வடிகட்டியைக் காலத்தில் மாற்ற வேண்டும். அங்கி அணியும் முறையை ஒரு நாளும் தளர்த்தக் கூடாது. அந்த வெள்ளை அங்கியை ஒழுங்காக அணியும் நம் பிள்ளைகள், முன்பின் அறியாத ஒருவரின் உயிரையும் காக்கிறார்கள் என்பதை நினைவில் கொள்வோம்.