மிச்சத்தில் இருந்த கோள்கள்



யார் நினைவாக இன்று கூடியிருக்கிறோமோ, அந்த இயற்பியல் ஆசிரியரிடம் படித்தவன் நான். வரைபடத்தில் கோட்டை விட்டு விலகி நிற்கும் புள்ளியை அழிக்க அவர் விடமாட்டார். “அது ஏன் அங்க நிக்குதுன்னு சொல்லு, அப்புறம் அழிக்கலாம்” என்பார். அவரை நினைத்துத்தான் உப்சிலான் ஆந்த்ரோமெடே என்ற விண்மீனை இன்று பேச எடுத்துக்கொண்டேன்.

நம்மிடமிருந்து 44 ஒளியாண்டுத் தொலைவில் இருக்கிறது. சூரியனைப் போலவே ஹைட்ரஜனை ஹீலியமாக்கி ஒளிரும் முதன்மை வரிசை விண்மீன். நிறை சூரியனைப்போல் சுமார் 1.3 மடங்கு, ஒளி மூன்று மடங்குக்கும் மேல். மேற்பரப்பு வெப்பநிலை ஏறக்குறைய 6,200 கெல்வின் என்பதால் அதன் மஞ்சள் வெண்மைப் பக்கம் சாய்ந்துவிட்டது.

கலிஃபோர்னியாவின் லிக் வானாய்வகத்தில் 1987 முதல் இதை அளந்து வந்தார்கள். விண்மீனின் ஒளியை அயோடின் ஆவி நிறைந்த கண்ணாடிக் குப்பி வழியே செலுத்துவார்கள். அயோடினின் கோடுகள் நிறமாலையில் அளவுகோல்போலப் பதியும். அந்த அளவுகோலை வைத்து விண்மீன் நம்மை நோக்கி வருகிறதா, விலகுகிறதா என்று பார்ப்பார்கள். 1996இல் விடை கிடைத்தது: வியாழனைப் போன்றதொரு கோள் 4.6 நாளுக்கு ஒருமுறை சுற்றிவந்து, விண்மீனை விநாடிக்குச் சுமார் 70 மீட்டர் வேகத்தில் முன்னும் பின்னும் இழுக்கிறது.

அத்துடன் மூட்டை கட்டியிருக்கலாம். ஆனால் அந்தக் கோளின் பங்கைக் கழித்த பிறகும் புள்ளிகள் அடங்கவில்லை. கருவியின் பிழை என்று தள்ள முடியாத அளவுக்கு மிச்சம் இருந்தது. பால் பட்லர், ஜெஃப்ரி மார்சி, டெப்ரா ஃபிஷர் ஆகியோர் அந்த மிச்சத்தோடு மல்லுக்கட்டினார்கள். இன்னொரு குழுவும் வேறொரு வானாய்வகத்தில் தனியே அளந்துகொண்டிருந்தது. 1999 ஏப்ரலில் செய்தி வெளிவந்தது: மிச்சத்துக்குள் மேலும் இரண்டு கோள்கள். ஒன்று 241 நாளில் சுற்றுகிறது, மற்றொன்றுக்கு ஏறத்தாழ மூன்றரை ஆண்டு ஆகிறது. சூரியனைப் போன்ற இன்னொரு விண்மீனுக்குக் கோள் குடும்பமே உண்டு என்று மனிதர் அறிந்தது அதுதான் முதல்முறை. அந்த நாளை இப்போது நினைத்தாலும் எனக்குச் சிலிர்க்கிறது.

அந்தக் குடும்பம் நம்முடையதைப் போல் அடக்கமானதல்ல. நம் கோள்கள் ஒரே தட்டில் உருட்டிவிட்ட கோலிகளைப் போல ஓடுகின்றன. அங்கோ வெளிக்கோள்கள் இரண்டின் பாதைகளும் ஒன்றுக்கொன்று சுமார் 30 பாகை சாய்ந்திருப்பதாக ஹபிள் தொலைநோக்கியின் அளவுகளை வைத்து 2010இல் கணித்தார்கள். அதற்கு முன்பே, 2005இல், இன்னொரு ஆய்வு அந்தப் பாதைகளின் நீள்வட்ட வடிவிலிருந்து ஒரு பழைய கலவரத்தைப் படித்தது. நான்காவதாக ஒரு கோள் இருந்திருக்கலாம். அது மோதலின்றியே ஈர்ப்பின் உந்தலால் வெளியே எறியப்பட்டிருக்கலாம் என்றது. போன கோள் போய்விட்டது. இருப்பவற்றின் பாதைகளில்தான் அதன் தடம்.

2015இல் இவற்றுக்குப் பெயர் சூட்டினார்கள். விண்மீனுக்கு மொராக்கோவின் பழைய ஊர்ப்பெயரான “தித்தாவின்”. கோள்களுக்கு ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் ஸ்பெயினில் வாழ்ந்த வானியலாளர்கள்: சஃபார், சம்ஹ், மஜ்ரீதி. முன்னிருவரும் மஜ்ரீதியின் மாணவர்கள். மாணவர் இருவரும் உள்ளே சுற்ற, அவர்களை வளைத்துக்கொண்டு வெளியே ஆசிரியர் சுற்றுகிறார்.

இது கார்த்திகை மாதம். இரவு ஒன்பது மணிக்கு அந்த விண்மீன் வடக்கே நன்றாக உயர்ந்திருக்கும். உத்திரட்டாதியின் இரண்டு மீன்களில் வடக்கே உள்ளதைப் பிடித்துக்கொண்டு கிழக்கே போனால் அடுத்தடுத்து இரண்டு பிரகாசமான மீன்கள் வரும். அவ்விரண்டுக்கும் நடுவே, வடக்கு நோக்கி நிற்பவருக்குச் சற்றுக் கீழே, மங்கலாக ஒன்று தெரியும். மொட்டை மாடி விளக்கை அணைக்கச் சொல்லியிருக்கிறேன். வாருங்கள், போய்ப் பார்ப்போம்.