நீர்நிலையும் நம் வாழ்நிலையும்

(சங்கத்தின் வெள்ளி விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)

    

'சுற்றுச்சூழல்' என்னும் சொல்லைக் கேட்டவுடனே, அது வசதி படைத்தோர் பேசும் பேச்சு என்று நம்மில் பலர் ஒதுங்கிவிடுகின்றனர். அது சரியன்று. 1927ஆம் ஆண்டு மார்ச் 20ஆம் நாள் மகாத் நகரின் சவதார் குளத்து நீரை அண்ணல் அம்பேத்கர் அள்ளிப் பருகியது எதன்பொருட்டு? பொது நீர்நிலை அனைவர்க்கும் பொது என்பதை நிலைநாட்டவே. ஆகவே, நீர்நிலை பற்றிப் பேசும் உரிமை நமக்கு எவரும் இரக்கப்பட்டு அளித்ததன்று, போராடிப் பெற்றது.

நமது நகரையே பாருங்கள். நுங்கம்பாக்கம் தொட்டுச் சைதாப்பேட்டைப் பக்கம் வரை நீண்டு கிடந்த பேரேரியின் நிலத்தில், 1920களில் தியாகராய நகர் எழுந்தது. மேற்கு மாம்பலத்து லேக் வியூ சாலையின் பெயரில் இன்றும் அவ்வேரி வாழ்கிறது. மயிலாப்பூர் வழியே செல்லும் பக்கிங்காம் கால்வாயில் பறக்கும் ரயிலுக்குத் தூண்கள் நாட்டினர்; திருமயிலை வரை 1997லும், வேளச்சேரி வரை 2007லும் ரயில் ஓடலாயிற்று. கால்வாய் குறுகிற்று. இவற்றுக்கு 'வளர்ச்சி' என்று பெயர். அதே கால்வாய்க் கரையில் குடிசை போட்ட கூலித் தொழிலாளிக்கோ 'ஆக்கிரமிப்பாளன்' என்று பெயர்!

2022ஆம் ஆண்டு மே மாதம், இராஜா அண்ணாமலைபுரம் கோவிந்தசாமி நகரில், நீதிமன்ற ஆணையின்படி வீடுகள் இடிக்கப்பட்டன. பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத்தேர்வு நடந்த காலம் அது. அங்கு வாழ்ந்த ஒருவர் தீக்குளித்து மாண்டார். அதன் பின்னரே மந்தைவெளி, மயிலாப்பூர்ப் பகுதியில் வீடு தரப்படும் என முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். ஓர் உயிர் போன பின் கிடைத்த வாக்குறுதி, ஒரு மனுவிலே முன்னரே கிடைத்திருக்கலாகாதா?

நீர்நிலைகளை மீட்க வேண்டா என்று நான் கூறவில்லை. 2015 டிசம்பரில் அடையாற்று வெள்ளம் முதலில் புகுந்தது கரையோர ஏழையின் வீட்டில்தான். ஆனால், அவ்வேழையை வெள்ளத்திலிருந்து காப்பதாகச் சொல்லிப் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை அடுத்த பெரும்பாக்கத்தில் குடியேற்றுவது என்ன நியாயம்? அச்சதுப்பு நிலம் 2022ல் ராம்சார் பட்டியலில் இடம்பெற்றது; மழைநீர் தேங்குவதே அதன் இயல்பு. பழைய வேலையும் பிள்ளைகளின் பள்ளியும் தொலைவில் நின்றுவிட, புதிய இடத்திலும் தண்ணீர் சூழ்கிறது.

ஆதலின் நாம் கேட்பது ஒன்றே: அளவுகோல் ஒன்றாக இருக்கட்டும். மாளிகைக்கும் குடிசைக்கும் ஒரே சட்டம், மாற்றிடம் அருகிலேயே, கல்வியாண்டின் நடுவில் இடிப்பு வேண்டா.

இதனைக் கேட்பதற்குக் கல்வி வேண்டும். 1971ஆம் ஆண்டுக் குடிசைப் பகுதிச் சட்டத்தைப் படியுங்கள். 2005ஆம் ஆண்டுத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் வரைபடங்களைக் கேட்டுப் பெறுங்கள். பெருநகர வளர்ச்சிக் குழுமத்தின் வரைவுத் திட்டம் வெளியாகும்போது, குறித்த நாளுக்குள் ஆட்சேபணையை எழுத்தில் கொடுங்கள். இரவுப் பாடசாலையில் எழுதப் பழகிய கை, இம்மனுவையும் எழுதட்டும். இச்சங்கம் பட்டதாரிகளை உருவாக்கியதன் பயன் அதுவே.