கவலைக்கும் மருந்துண்டு

(நமது ஜமாஅத்தின் ஆண்டுப் பொதுக்குழுக் கூட்டத்தில் ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)





ஆண்டு வரவு செலவுக் கணக்கு வாசிக்கப்பட்டு முடிந்துள்ள இவ்வேளையில், எந்தப் பேரேட்டிலும் ஏறாத ஒரு செலவைப் பற்றிச் சில வார்த்தைகள் கூற விழைகிறேன். அது நம் உறக்கத்தையும் உடல்நலத்தையும் தின்றுவிடும் ஓயாத கவலையாகும். நான் மருத்துவன் அல்லன்; இந்நோயால் அல்லலுற்று, சிகிச்சை பெற்றவன். அந்த உரிமையில் பேசுகிறேன்.

என் மகன் வளைகுடா நாட்டிற்கு வேலைக்குச் சென்ற பின்னர் என் இரவுகள் மாறின. அவன் தொலைபேசியை எடுக்காவிட்டால் விபத்து என்று எண்ணுவேன். எடுத்தாலோ, வேலை போய்விடுமோ என்று எண்ணுவேன். நெஞ்சு படபடக்க, மூன்று முறை இதயப் பரிசோதனை செய்தும் குறையேதும் தென்படவில்லை. மனநல மருத்துவரைப் பார்க்குமாறு கூறப்பட்டபோது, என் ஈமான் பலவீனமாகிவிட்டதாக ஊர் கருதுமோ என்று அஞ்சி, இரண்டு ஆண்டுகளை வீணாக்கினேன். ஒரு நாள் மகன், "அத்தா, உங்கள் அழைப்பைக் கண்டாலே எனக்குப் பயமாக இருக்கிறது" என்றான். அன்றுதான் மருத்துவரைத் தேடிச் சென்றேன்.

பெரியோர்களே! நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் இறைவனிடம் பாதுகாவல் தேடியவற்றுள் 'ஹம்' என்னும் கவலையும் 'ஹஸன்' என்னும் துயரமும் அடங்கும். வரப்போவதை எண்ணி வருவது முன்னது. சென்றதை எண்ணி வருவது பின்னது என அறிஞர்கள் விளக்குவர். ஆகவே, கவலை கொள்பவன் இறைநம்பிக்கை அற்றவன் என்று எவரும் தீர்ப்பு வழங்க வேண்டாம்.

கி.பி. 850 முதல் 934 வரை வாழ்ந்த அறிஞர் அபூ ஸைத் அல்பல்கி, உடல்நலத்தோடு மனநலத்தையும் சேர்த்து ஒரு நூல் யாத்தார். அவசரத்திற்கு உதவும் மருந்துகளை வீட்டில் சேமித்து வைப்பதுபோல, மனம் அமைதியாக உள்ள காலத்தில் நல்ல சிந்தனைகளைச் சேமித்து, கலங்கும் வேளையில் பயன்படுத்துமாறு அவர் அறிவுறுத்தினார். 1960-களில் அமெரிக்க மருத்துவர் ஆரோன் பெக் வகுத்த சிந்தனைவழிச் சிகிச்சையும் இதற்கு நெருக்கமானதே.

எல்லாக் கவலையும் நோயன்று. ஆறு மாதங்களுக்கு மேலாக, பெரும்பாலான நாட்களில், பலவற்றையும் பற்றிக் கட்டுக்கடங்காத கவலை நீடித்து, அதனுடன் உறக்கமின்மை, தசை இறுக்கம், சோர்வு, எரிச்சல் ஆகியனவும் சேர்ந்து அன்றாட வாழ்வு பாதிக்கப்படுமாயின் அதனைப் பொதுப் பதற்ற நோய் என்பர். தைராய்டுக் கோளாறும் இவ்வாறே தோன்றக்கூடும் என்பதால் முதலில் உடற்பரிசோதனை அவசியம்.

எனக்கு அளிக்கப்பட்ட சிகிச்சையின் முதற் கருவி ஒரு நோட்டுப் புத்தகம். கவலை எழும்போதெல்லாம் ஒரு வரியில் குறித்துக்கொண்டு, அஸர் தொழுகைக்குப் பின் 20 நிமிடம் மட்டுமே அதைப் பற்றி எண்ண வேண்டும். வெள்ளிமலைப் பக்கம் பெய்யும் மழையை நம்மால் நிறுத்த முடியாது. ஆனால் கோமுகி அணையில் தேக்கி, உரிய வேளையில் மதகைத் திறக்க முடியுமல்லவா? அதுபோன்றதே இதுவும்.

அந்த 20 நிமிடத்தில் கவலைகளை இரண்டாகப் பிரிக்க வேண்டும். நம்மால் செய்யக்கூடியது ஏதேனும் இருப்பின், அதை எப்போது செய்வது என்று எழுத வேண்டும். இது ஒட்டகத்தைக் கட்டுவது. நம் கையில் ஒன்றுமில்லையெனில் இறைவனிடம் ஒப்படைத்துவிட வேண்டும், இது தவக்குல். ஒட்டகத்தைக் கட்டிய பின்னும் இரவெல்லாம் எழுந்து கயிற்றைச் சோதித்துக்கொண்டிருந்ததே என் நோய். ஆகவே, மகனை நாளொன்றுக்குப் பத்து முறை அழைத்த பழக்கத்தையும் படிப்படியாக ஒன்றாகக் குறைத்தேன்.

மாத இறுதியில் நோட்டைப் புரட்டினேன். எழுதிய 41 கவலைகளுள் நடந்தவை மூன்றே. அவையும் நான் அஞ்சியவாறு நடக்கவில்லை.

இத்தகைய சிகிச்சை பெரும்பாலும் வாரம் ஒருமுறையாகச் சில மாதங்கள் நடைபெறும். சிலருக்கு மாத்திரையும் தேவைப்படலாம். அதன் பலன் தெரியச் சில வாரங்களாகும். இடையில் தாமாக நிறுத்தலாகாது. மருந்துக் கடையில் தாமாகவே தூக்க மாத்திரை வாங்கி உண்பதும் ஆபத்தானது.

2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில், சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் தீக்கிரையானதை நாம் மறந்துவிடலாகாது. நோயாளியைச் சங்கிலியால் பிணைப்பதை 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் தடை செய்துள்ளது. ஆனால், வெட்கம் என்னும் சங்கிலியை எந்தச் சட்டமும் அறுக்காது. அதை நாமே அறுக்க வேண்டும்.

நமது மாவட்டத்தில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை உள்ளது. கல்வராயன் மலைக் கிராமங்களிலிருந்து இறங்கி வர இயலாதோர், 14416 என்ற கட்டணமில்லா எண்ணில் இரவு பகல் எந்நேரமும் தமிழிலேயே ஆலோசனை பெறலாம். 2022 முதல் இயங்கும் மத்திய அரசின் சேவை இது.

நிர்வாகத்தினருக்கு ஒரு வேண்டுகோள்: இந்த எண்ணை நமது பள்ளிவாசல் அறிவிப்புப் பலகையில் எழுதி வையுங்கள். எனக்கு இன்றும் கவலை வருகிறது. ஆனால் அஸர் வரை அது காத்திருக்கிறது. நோய்க்கு மருந்து தேடுவதும் நபிவழியே என்பதை உணர்ந்து செயல்பட வல்ல இறைவன் நம் அனைவருக்கும் நல்லருள் புரிவானாக! ஆமீன்.

வஸ்ஸலாம்.