பட்டா, பத்திரம், வில்லங்கம்

வீட்டைக் கட்டிப் பார், கல்யாணத்தைச் செய்து பார் என்று சொல்லி வைத்த நம் முன்னோர், வீட்டை வாங்கிப் பார் என்று ஏனோ சொல்லாமல் விட்டுவிட்டார்கள். தருமபுரியில் நாற்பது ஆண்டுகள் பத்திரம் எழுதிப் பிழைத்தவன் என்ற உரிமையில், விட்டுப்போன அந்தப் பகுதியைப் பற்றி உங்களோடு சிறிது பேச விரும்புகிறேன். மாணவ நண்பர்களே, உங்களுக்கு இப்பொழுது வீடு வாங்கும் எண்ணம் இராது. ஆயினும் உங்கள் இல்லத்தில் யாரேனும் வாங்க முற்பட்டால், "இதைப் படித்துச் சொல்லப்பா" என்று உங்களைத்தான் அழைப்பார்கள். என்னையும் அழைத்தார்கள். ஆனால் காலம் கடந்த பின்னர் அழைத்தார்கள்.

1968-ஆம் ஆண்டில் என் தந்தையார் பென்னாகரத்துக்கு அருகே ஓர் ஓட்டு வீட்டையும் அதை ஒட்டிய அரை ஏக்கர் தோட்டத்தையும் வாங்கினார். விற்றவர் ஊரில் நல்ல பெயர் எடுத்தவர். நிலத்தின் பட்டா அவர் பெயரில் இருந்தது. வில்லங்கச் சான்றிலே அடமானமோ முன் கிரயமோ ஒன்றும் இல்லை. கிரயப் பத்திரம் முறைப்படி பதிவாயிற்று. இரண்டு ஆண்டுகள் கழித்து ஒரு நாள், கையில் குழந்தையுடன் ஓர் அம்மையார் எங்கள் திண்ணையில் வந்து அமர்ந்தார். விற்றவருடைய தங்கை அவர். "அண்ணா, இது எங்கள் அப்பா தேடிய சொத்து. இதற்கு நான் கையெழுத்துப் போடவில்லையே?" என்றார். என் தந்தையார், "இல்லையம்மா" என்றார். வேறு என்ன சொல்ல முடியும்?

பட்டா இருந்ததே, அது போதாதா என்று நீங்கள் கேட்பீர்கள். என்னிடம் மிகுதியாகக் கேட்கப்பட்ட கேள்வியும் இதுதான். இதற்கு விடை நம் மாவட்டத்தின் வரலாற்றிலேயே இருக்கிறது. 1792-இல் திப்பு சுல்தானிடமிருந்து பாரமகால் சீமை கம்பெனியார் வசமாயிற்று. அலெக்சாண்டர் ரீடு என்ற தளபதியும், அவருக்கு உதவியாளராக வந்த தாமஸ் மன்றோவும் இங்கே வயல் வயலாக அளந்து வரி விதித்தார்கள். மன்றோ 1799 வரை இந்தச் சீமையில் பணி புரிந்தார், தருமபுரியிலேயே குடியிருந்தார். இடையில் ஜமீன்தார் எவரும் இல்லாமல் குடியானவனோடு நேரே கணக்கு வைக்கும் இரயத்துவாரி முறை இவ்வாறு நம் புழுதியில்தான் உருப்பெற்றது. அவர்களுக்கு வேண்டியிருந்தது வரி. நிலத்துக்கு வரி கட்ட வேண்டியவர் யார் என்று சொல்வதே பட்டாவின் வேலையாக இருந்தது. இன்றும் அது வருவாய்த்துறையின் ஏடுதான். பட்டா மட்டுமே ஒருவருக்குச் சொத்துரிமையை உண்டாக்கிவிடாது என்று நீதிமன்றங்கள் பலமுறை கூறியுள்ளன. தகப்பனார் இறந்ததும் மூத்த மகன் பெயருக்குப் பட்டா மாறிவிடுவது நம் ஊர்களில் சர்வ சாதாரணம். அதனால் தங்கையின் பங்கு மறைந்துவிடுமா? 1956-ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டத்தின்படி, உயில் எழுதாமல் இறந்த தந்தையின் சொந்தச் சம்பாத்தியத்தில் மகளுக்கும் மகனுக்கும் சம பங்கு உண்டு. தாயும் முன்பே இறந்திருந்தமையால், அந்த வீட்டில் சரிபாதி அந்த அம்மையாருடையது.

வில்லங்கச் சான்று ஏன் இதைச் சொல்லவில்லை? பதிவான பத்திரங்களை மட்டுமே அது சொல்லும். சாவு பத்திரம் எழுதிக்கொண்டு வருவதில்லை. ஒருவர் இறந்த கணத்திலேயே அவர் சொத்து வாரிசுகளுக்குப் போய்விடுகிறது; சார்பதிவாளர் அலுவலகத்து ஏட்டில் ஒரு வரிகூட ஏறுவதில்லை. பதிவு செய்யப்படாத உயிலும் அப்படித்தான்.

இனி, அரசாங்கமே முத்திரை வைத்துப் பதிந்து கொடுத்துவிட்டதே என்பார்கள். நூறு ரூபாயும் அதற்கு மேலும் மதிப்புள்ள அசையாச் சொத்தை விற்பது பதிவான பத்திரத்தால்தான் ஆகும் என்பது 1882-ஆம் ஆண்டுச் சொத்து மாற்றுச் சட்டம். ஆதலின் பதிவு இன்றியமையாதது, அதில் ஐயமில்லை. ஆனால் இன்னார் இன்னாருக்கு எழுதிக் கொடுத்தார் என்பதற்குத்தான் பதிவு சாட்சி. எழுதிக் கொடுத்தவருக்கு அந்த உரிமை உண்டா என்று தீர்ப்பளிப்பது பதிவு அலுவலர் வேலை அன்று என்பதை, தமிழ்நாட்டுப் பதிவு விதி ஒன்றைச் செல்லாதென்று தள்ளியபோது 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றமும் எடுத்துக் கூறிற்று. பவர் பத்திரத்தையும் ஒப்பந்தத்தையும் வைத்துக்கொண்டு வீடு வாங்கிவிட்டதாக மகிழ்வோரும் உளர். அவற்றால் உரிமை மாறாது என்று 2011-லேயே அந்நீதிமன்றம் சொல்லிவிட்டது.

ஆகவே நான் பத்திரம் எழுதுமுன் தாய்ப்பத்திரத்தைக் கேட்பேன். அதிலிருந்து இன்றைய உடைமையாளர் வரை கண்ணி அறாமல் வருகிறதா என்று பார்ப்பேன். இடையில் ஒருவர் இறந்திருந்தால், வட்டாட்சியர் தந்த வாரிசுச் சான்று எங்கே, அதில் உள்ளோர் அனைவரும் கையெழுத்திட வருவார்களா என்பேன். "கட்டிக்கொடுத்த பெண்ணை எதற்கு ஐயா இழுக்கிறீர்கள்?" என்று என்மேல் கோபித்துக்கொண்டு வேறு எழுத்தரிடம் போனவர்கள் உண்டு. முத்திரைத் தீர்வை நூற்றுக்கு 7, பதிவுக் கட்டணம் 2 என்று இன்று செலவிடுகிறவர்கள், ஒரு பஸ் ஏறிப்போய் அந்தத் தங்கையைப் பார்த்து வரத் தயங்குவது எனக்கு விளங்குவதே இல்லை.

நிலத்தையும் பத்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டு நடந்து பார்க்க வேண்டும். பழைய பத்திரங்களில் நான்கெல்லை இன்னார் புஞ்சைக்குக் கிழக்கு, புளியமரத்துக்கு வடக்கு என்று இருக்கும். இன்னாரும் இல்லை, புளியமரமும் இல்லை. அப்பொழுது சர்வே எண்ணும் புல வரைபடமுமே துணை.

விற்றவரிடம் பணத்தைத் திரும்பக் கேட்டிருக்கலாமே என்பீர்கள். கேட்டோம்; அது செலவாகிவிட்டிருந்தது. வழக்காட எங்களுக்கு வசதி இல்லை. அந்த அம்மையார் பாதி மதிப்பைக்கூடக் கேட்கவில்லை. அவர் கேட்டதே எங்களால் திரட்ட முடியாததாக இருந்தது. என் தாயாரின் இரட்டைவடச் சங்கிலி சேலத்துக்குப் போயிற்று. அவர் தம் பங்குக்குத் தனியாக ஒரு கிரயப் பத்திரம் எழுதிக் கொடுத்தார். கல்லூரியிலிருந்து வந்திருந்த நான்தான் அதை எல்லோர்க்கும் வாசித்தேன். பதிவு முடிந்து வீட்டுக்கு வந்தவர், கொல்லையில் தம் தந்தை வைத்த மாமரத்தைப் பார்க்க வேண்டும் என்றார். என் தாயார் அழைத்துப் போனார். மஞ்சட் கயிறு மட்டுமே இருந்த அவர் கழுத்தைப் பார்த்துவிட்டு, அந்த அம்மையார் சிறிது நேரம் ஒன்றும் பேசவில்லை.