தூரிகையும் நோய்ப்படுக்கையும்

தன் கையால் ஒன்றைச் சிருஷ்டிப்பதும் நோயாளிக்கு ஒரு சிகிச்சையாகக்கூடும் என்னும் உண்மையை, நூல்களைக் கற்று அல்லாமல், தாமே நோயாளியாகப் படுத்திருந்து கண்டுகொண்டவர் ஏட்ரியன் ஹில் என்ற ஆங்கிலேய ஓவியர். 1895-இல் பிறந்த அவர், முதல் உலக யுத்தத்தில் போர்வீரராகச் சென்று, இம்பீரியல் யுத்தக் காட்சிசாலைக்காகப் போர்முனையிலேயே இருந்து, இடிந்த ஊர்களையும் சேறு மண்டிய பதுங்குகுழிகளையும் வரைந்தவர். யுத்தம் முடிந்து இருபது ஆண்டுகள் ஓவியராகவும் ஆசிரியராகவும் வாழ்ந்தபின், 1938-இல் க்ஷயரோகம் அவரைப் பற்றிக்கொள்ள, சஸ்ஸெக்ஸ் பகுதியிலுள்ள மிட்ஹர்ஸ்டில், ஏழாம் எட்வர்டு மன்னரின் பெயர் தாங்கிய சானடோரியத்தில் சேர்ந்தார்.

ஸ்ட்ரெப்டோமைசின் என்ற மருந்து இன்னும் கண்டுபிடிக்கப்படாத காலம் அது. தூய காற்றும், நல்ல உணவும், மாதக்கணக்கில் அசையாமல் படுத்திருப்பதுமே அந்நாளைய வைத்தியம். நுரையீரலுக்கு ஓய்வு தந்த அதே படுக்கை மனத்தின் அமைதியைக் கெடுத்தது. செய்வதற்கு ஒன்றுமின்றிக் கிடந்த மனம், தன் நோயையே ஓயாமல் நினைந்து நைந்தது. இந்நிலையில் ஹில், எழுந்து நடமாட அனுமதி கிடைக்கும்வரை காத்திராமல், படுத்தபடியே தம் கண்ணுக்கு எட்டிய சாதாரணப் பொருள்களை வரையத் தொடங்கினார். வரையும் நேரத்தில் மனம் நோயை விட்டுப் பொருளைப் பற்றிக்கொள்வதை அவர் தம்மிடமே கண்டார்.

அடுத்த ஆண்டு, அந்தச் சானடோரியத்தின் பிற நோயாளிகளுக்கும் வரையக் கற்பிக்குமாறு அவரை அழைத்தார்கள். பின்னர், இரண்டாம் உலக யுத்தத்தில் காயமுற்றுத் திரும்பிய வீரர்களும் அவரிடம் வந்தனர். பொழுதுபோக்காகத் தொடங்கிய வகுப்பில், வாய்விட்டுச் சொல்ல இயலாத பயங்களும், கண்ணைவிட்டு அகலாத போர்க்களக் காட்சிகளும் காகிதத்தில் வந்து விழுந்தன. வர்ணம் க்ஷயக் கிருமியைக் கொல்லாது; ஆயினும், நோயை எதிர்த்து நிற்கும் மனோதிடத்தை அது நோயாளிக்குத் தரும் என்று ஹில் உறுதியாக நம்பினார். 1942-இல் இம்முறைக்கு ஓவிய சிகிச்சை என்று பெயரிட்டு, 1945-இல் தம் அனுபவங்களை ஒரு நூலாகவும் வெளியிட்டார்.

அவரோடு சேர்ந்து, செஞ்சிலுவைச் சங்கத்தின் வழியாக மருத்துவமனைகளுக்கு ஓவியப் பிரதிகளை எடுத்துச் சென்றவர்களுள் எட்வர்டு ஆடம்ஸன் என்ற இளைய ஓவியரும் ஒருவர். அந்தப் பணியே அவரை சர்ரே பகுதியிலிருந்த நெதர்ன் மனநோய் மருத்துவமனைக்குக் கொண்டு சேர்த்தது. அங்கே நெடுங்காலம் அடைபட்டிருந்த நோயாளி ஒருவர், எரிந்த தீக்குச்சிகளின் கரியைக்கொண்டு கழிப்பறைக் காகிதத்தின்மேல் வரைந்த சித்திரங்களை அவரிடம் தந்தார். வர்ணமும் தூரிகையும் கிட்டாத இடத்திலும், வரைய வேண்டுமென்ற வேட்கை மனிதனை விட்டு நீங்குவதில்லை என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேறு வேண்டுமா?

1946-இல் அந்த மருத்துவமனையிலேயே ஓவியராக நியமிக்கப்பட்ட ஆடம்ஸன், 1981 வரை அங்கே பணியாற்றினார். தம் கூடத்துக்கு வந்தவர்களுக்குத் தாளும் வர்ணமும் கொடுத்து, உட்கார ஓர் இடமும் அளித்துவிட்டு, இதை வரை என்று பணிக்காமலும், இதற்கு என்ன பொருள் என்று வினவாமலும் அமைதியாக உடனிருந்தார். அவர் போற்றிப் பாதுகாத்த நோயாளிகளின் படைப்புகள் ஏறத்தாழ ஒரு லட்சம் என்பர்.

நேயர்களே! ஓவியன் சிகிச்சையாளனாக மாறும் பாதையில் மிகக் கடினமான படி இதுவே என்று நான் கருதுகிறேன். கோடு பிசகினால் திருத்தவும், வர்ணம் பொருந்தாவிட்டால் மாற்றவும் ஆண்டுக்கணக்காகப் பழகிய கண்ணுடையவன், மற்றொருவருடைய காகிதத்தின் முன் அந்தப் பழக்கத்தை அடக்கிக்கொள்ள வேண்டும். சிகிச்சை நிகழ்வது முடிந்த சித்திரத்தின் அழகிலன்று. சிதறிய மனம் ஒன்றுகூடி, தன் விருப்பப்படி ஒரு கோட்டை இழுக்கத் துணியும் அந்தச் செயலில்தான். எப்போது எழுவது, எதை உண்பது, எப்போது உறங்குவது என்பதையெல்லாம் பிறர் தீர்மானிக்கும் மருத்துவமனையில், எந்த வர்ணத்தைத் தொடுவது என்று தானே தீர்மானிக்கும் ஒரு கணம், நோயாளியை மீண்டும் ஒரு முழு மனிதனாக்குகிறது.

இது நோயாளிகளுக்கு மட்டும் உரியதன்று. கலை என்பது திறமை பெற்ற சிலருக்கே உரியது என்று எண்ணி, பாலபருவத்தோடு வர்ணப் பெட்டியை மூடிவிட்டவர்கள் நம்மில் பலர். பரிசுக்காகவும் பாராட்டுக்காகவும் அன்றி, உள்ளத்துக்கு உருவம் கொடுப்பதற்காகவே அதை மீண்டும் திறக்கலாம். உங்கள் இல்லத்தில் நெடுநாள் நோயாய்ப் படுத்திருப்பவர் எவரேனும் இருந்தால், அவர் மருத்துவர் தரும் மருந்தோடு கொஞ்சம் காகிதமும் வர்ணமும் அவருக்குக் கொடுங்கள். அவர் வரைவது நன்றா, அன்றா என்று மதிப்பிடாமல் அருகில் அமருங்கள். அந்த ஓவியர்கள் இருவரும் தம் வாழ்நாளைச் செலவிட்டுக் கற்றுத் தந்த பாடம் இதுதான்.